பேசாத கூழைக்கடா

லெலி ஸெராஃபாவுக்கு நாற்பத்தொன்பது வயதில் பறவையாகும் யோகம் அடித்தது. அதுவும் கிளி, மயில் என்று கௌரவமான பறவை இல்லை. கூழைக்கடா. தொண்டைக்குக் கீழே பை தொங்கும், நடந்தால் பின்பக்கம் இரண்டு பக்கமும் ஆடும், அந்தக் கூழைக்கடாதான்.

சிட்னிக்கு மேற்கே மெரிண்டா பார்க்கில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே டொரிஸைக் கட்டிக்கொண்டு, அங்கேயே ஒரு கிடங்கில் பாதி ஆயுள் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவன் அவன். கிடங்குக்கு ஒரு நாள் இயந்திரக் கைகள் வந்து இறங்கின. அவற்றுக்கு முதுகு வலிக்காது, தொழிற்சங்கம் கிடையாது, டீ குடிக்கப் போகாது. லெலியைக் கூப்பிட்டு ஒரு கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்தவன்தான். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலைக்குப் போய்வந்து டொரிஸுக்குக் கை வெந்துபோயிருக்கும். இவன் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வேலை இல்லாத ஆம்பிளைக்கு வீட்டில் நிழல்கூடச் சின்னதாகிவிடுகிறது.

அப்போதுதான் ரூல்ஸ்காரர்கள் வந்தார்கள்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேற்கில் பிறந்தவனுக்கு ஞானஸ்நானம் எப்படியோ அப்படித்தான் லீக் ஆட்டமும். யாரும் கேட்டுவிட்டுக் கொடுப்பதில்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிராளியின் நெஞ்சில் போய் மோத வேண்டும், கூட்டாளிக்குக் கொடுப்பதென்றால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். தெற்கே மெல்போர்னில் ஆடுவது ரூல்ஸ். வட்ட மைதானம், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பம், பந்தை எறியவே கூடாது, உள்ளங்கையில் வைத்து முஷ்டியால் குத்த வேண்டும். இரண்டையுமே ஊர் ஃபுட்டி என்றுதான் சொல்கிறது, அதனால் சண்டையும் தீர்வதில்லை. நூறு வருஷம் அவரவர் ஊரில் அவரவர் இருந்தார்கள். பிறகு இரண்டு தலைமையகங்களிலும் யாரோ மேஜையில் வரைபடத்தை விரித்தார்கள். லீக்காரர்கள் தெற்கே போய் ஒரு அணியை நட்டார்கள். ரூல்ஸ்காரர்கள் மேற்கு சிட்னிக்கு வந்து ‘பெலிக்கன்ஸ்’, அதாவது கூழைக்கடாக்கள் என்று ஒன்றை நட்டார்கள். இதில் யார் நல்லவன் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது நம் வீட்டுப் பிள்ளைகள்.

லெலியின் அண்ணன் வென்ஸுவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. மெரிண்டா பார்க் டிங்கோஸ் என்ற சிறுவர் லீக் கிளப்பின் தலைவர், பயிற்சியாளர், மைதானத்துக்குக் கோடு போடுகிறவர், சாசேஜ் சுடுகிறவர் எல்லாம் அவன் ஒருவனே. ரூல்ஸ் என்ற பேச்சை எடுத்தால் போதும்.

“அது ஒரு ஆட்டமாடா? ஆளாளுக்கு வானத்தப் பாத்துக்கிட்டு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறான், மழை வருமா வராதான்னு பாக்குறவன் மாதிரி. கோல் தவறிப்போனாலும் ஒரு பாயிண்டு உண்டாம்! தப்பாப் போடுறவனுக்குப் பரிசு குடுக்குற ஆட்டத்த எந்தப் பைத்தியக்காரன்டா கண்டுபிடிச்சான்?”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பஸ்திட்ஸி பஃப்ஸைப் பிய்த்துத் தின்றுகொண்டே அவன் இதைச் சொல்லும்போது லெலியும் சேர்ந்து சிரிப்பான். சிரித்துக்கொண்டே டொரிஸின் கண்ணைப் பார்க்காமல் இருப்பான். பெலிக்கன்ஸில் பறவை வேஷத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னதே அவள்தான். அண்ணனிடம் மட்டும், வேறொரு கிடங்கில் வாரக் கடைசி ஷிப்ட் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

வேலை கொடுத்தது இமோஜென் என்ற பெண். மெல்போர்ன்காரி, இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், நல்ல பிள்ளை. முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“அங்கிள், ரெண்டே விஷயம். வெளியில தலையக் கழட்டக் கூடாது. பேசக் கூடாது. குழந்தைங்களுக்கு அது நெஜப் பறவை. ஒரு தடவ பேசிட்டீங்கன்னா அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது, மேல இருக்குறவங்க மாத்திடுவாங்க.”

“பறவை கத்தலாமா?”

“கத்தவும் கூடாது.”

அப்படியே இருந்தான் லெலி. அலகுக்கு அடியில் கறுப்பு வலை இருக்கும், அது வழியாகத்தான் உலகம். பிப்ரவரி அங்கே கோடை, அந்த வெயிலில் உள்ளே இருப்பது இட்லிப் பானைக்குள் இருப்பதுதான். ஆனாலும் குழந்தைகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும்போது அவனுக்குப் பிடித்திருந்தது. கிடங்கில் கேக் வெட்டிய நாளுக்குப் பிறகு யாரும் அவனைப் பார்த்து ஓடி வந்ததில்லை.

அந்த வருஷம் டிங்கோஸின் கதை முடிகிற கட்டத்தில் இருந்தது. பெரிய பையன்களின் அணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் அணி ஒன்றுதான் மிச்சம். பதின்மூன்று பிள்ளைகள் பேர் கொடுத்தால் கிளப் இருக்கும். ஒன்று குறைந்தாலும் மாவட்டச் சங்கம் அதை மூடி, மைதானத்தைப் பக்கத்து ஊர் கிளப்போடு சேர்த்துவிடும். பேர் கொடுக்கும் கடைசி நாள் அந்த ஞாயிறு. வென்ஸு வழக்கம்போலக் கடைவளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில், கறிக்கடை வாசலில் மேஜையும் அடுப்பும் போட்டு சாசேஜ் சுடப்போகிறான் என்று லெலிக்குத் தெரியும்.

அதே நிறுத்துமிடத்தின் எதிர் மூலையில் பெலிக்கன்ஸ் காற்றடைத்த வளைவை நிறுத்தப்போகிறது என்று இமோஜென் சொன்னதுமே அவன் கெஞ்ச ஆரம்பித்தான்.

“என்னைய வேற எடத்துக்கு அனுப்பும்மா. அங்க வேண்டாம்.”

“அங்கிள், அது உங்க ஊரு. அதுக்காகத்தானே உங்கள எடுத்தோம்?”

பறவைக்குத்தான் முகமே கிடையாதே, உன் ஊரானால் என்ன என் ஊரானால் என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். டொரிஸின் கை ஞாபகம் வந்தது, சரியென்று தலையாட்டினான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கே தார் உருக ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கம் பாட்டு, முதுகுப் பை இலவசம், பந்து இலவசம், ஐஸ் இலவசம். அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கும் வாசனை, மடக்கு மேஜை, வென்ஸுவின் குரல். ஆள் குறையக் குறைய அந்தக் குரல் பெரிதாகிக்கொண்டே போனது. வலை வழியாக லெலி எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வென்ஸு மேஜை மேல் தட்டி, “பதிமூணாயிருச்சு!” என்று கறிக்கடைக்காரரிடம் கத்தினான். கூழைக்கடாவுக்குள் லெலி கண்ணை மூடிக்கொண்டான். அப்பாடா.

அந்தப் பதின்மூன்றில் முதல் பேர் வென்ஸுவின் மகள் ஜொசெட். பதினோரு வயது. அணியில் அவளைப்போல ஓடுகிறவன் ஒருத்தனும் இல்லை.

அந்த ஜொசெட்தான் கொஞ்ச நேரத்தில் தனியாக, நிறுத்துமிடத்தைக் கடந்து, பறவையிடம் வந்தாள். இறக்கையைப் பிடித்து வளைவுக்குப் பின்னால் நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இமோஜென் படிவம் நிரப்புகிறவர்களோடு இருந்தாள்.

“நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டல்ல?”

பறவை தலையாட்டியது. அது வழக்கம், எல்லாக் குழந்தைகளும் ஏதாவது சொல்லும். நாய் செத்துப்போனது, அக்காவின் சாக்லேட்டைத் திருடியது, இப்படி.

“எனக்கு இங்க சேரணும். அங்க அடுத்த வருஷம் எனக்கு ஆட்டமே கிடையாது. பன்னெண்டு ஆயிட்டா பொண்ணுங்க பசங்களோட ஆடக் கூடாதாம். பொண்ணுங்க டீம் அப்பாகிட்ட இல்ல. இங்க இருக்கு, ஆனா இந்த வருஷமே சேந்தாத்தான் எடமாம். ரெண்டும் சனிக்கிழமதான், அதனால ரெண்டுலயும் ஆட முடியாது. நான் போயிட்டா பன்னெண்டு பேருதான். அப்பாவோட கிளப்பு போயிடும்.” மூக்கை இறக்கையில் துடைத்துக்கொண்டாள். “சித்தப்பாகிட்ட சொல்லலாம்னு நெனச்சேன். அவரு எப்பப் பாத்தாலும் ஷிப்டுன்னு போயிடுறாரு.”

லெலி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும். என்ன வார்த்தை? போகாதே என்றால் அவள் ஆட்டம் போயிற்று. போ என்றால் அண்ணன் போனான். அவன் இறக்கையால் அவள் தலையைத் தடவினான். அதுதான் அவனால் முடிந்தது, அதுதான் அவனுக்குச் சம்பளமும்.

“ஜொசெட்! அங்க என்னடி வேலை உனக்கு?”

சாசேஜ் இடுக்கியைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு வென்ஸு வந்துகொண்டிருந்தான். வேர்த்து, சந்தோஷமாக, சண்டைக்குத் தயாராக. இமோஜென் குறுக்கே வந்து மரியாதையாக ஒரு பந்தை நீட்டினாள்.

“நீங்களும் ஒரு தடவ குத்திப் பாருங்க சார். ஈஸிதான்.”

“குத்தறதா? பந்து என்னம்மா பாவம் பண்ணுச்சு?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் பந்தை வாங்கி, “இந்தா கொக்கு, புடி!” என்று பறவையின் நெஞ்சைப் பார்த்து விசையாக எறிந்துவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டி மகளை நோக்கி நடந்தான்.

லெலி பிடித்தான். பிடித்தவன் குத்தியிருக்க வேண்டும். இமோஜென் அதைத்தான் மாதக்கணக்கில் பழக்கியிருந்தாள். ஆனால் அண்ணன் வலது பக்கமாகத் தன்னைத் தாண்டி ஓடினால் அவன் உடம்புக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். சின்ன வயதில் ஒன்பது வருஷம் டிங்கோஸில் அவர்கள் அடுத்தடுத்து நின்று ஆடியவர்கள். சவ்வுக்காலோடு ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, இடுப்பிலிருந்து பந்தைச் சுழற்றி, பின்பக்கமாக விட்டான். வென்ஸுவின் உடம்பும் யோசிக்கவில்லை. பாதி திரும்பி, வயிற்றோடு சேர்த்து வாங்கியது.

நின்றுவிட்டான். பந்தைப் பார்த்தான். அந்தத் துள்ளலை வைத்து ஊரே லெலியைக் கேலி செய்திருக்கிறது. அப்படி விடுகிறவன் பூமியில் ஒருத்தன்தான்.

“தப்பு, தப்பு, எறியக் கூடாது!” என்று இமோஜென் சிரித்துக்கொண்டே கை தட்டினாள்.

வென்ஸு அலகுக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தான். வலைக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கண் தெரிந்தது. கோபம்தான் வரும் என்று லெலி நினைத்தான். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இதான் ஷிப்டா?” என்றான் மெதுவாக.

பறவை தலையாட்டியது.

“வேல போயிருமா, பேசினா?”

பறவை மறுபடி தலையாட்டியது.

“சரி. பேசாத.” வென்ஸு ஒரு தடவை மகளைப் பார்த்தான். “எம் பொண்ணு உங்கிட்ட ரொம்ப நேரம் என்னமோ சொல்லிக்கிட்டிருந்தா. இங்க சேரணும்ன்றாளா? இல்லன்னு மட்டும் தலையாட்டுடா. எனக்கு அது போதும்.”

எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை ஆட்டிய அந்தப் பெரிய தலையை லெலியால் அப்போது அசைக்க முடியவில்லை. ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. உள்ளே அவன் அழுதுகொண்டிருந்தான், வெளியே கூழைக்கடா சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்படித்தான் வாய் தைத்திருந்தார்கள்.

வென்ஸுவுக்கு அதுவே பதிலாகிவிட்டது. மகள் பக்கம் திரும்பினான்.

“போ. அந்த அக்காகிட்டப் பேரு குடு.”

“அப்பா, டீமு…”

“டீம நான் பாத்துக்குறேன். போடீ.”

அவன் எதையும் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பதினோரு வயது. இரண்டு எட்டு தயங்கிவிட்டு ஓடிவிட்டாள். வென்ஸு கறிக்கடை வாசலுக்குப் போய் காஸை அணைத்தான். மேஜையை மடக்கினான். மிச்சமிருந்த சாசேஜில் ஒன்றை ரொட்டித் துண்டில் வைத்து, வெங்காயம் நிறையப் போட்டு, சாஸ் ஊற்றி, தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“இவன் காலையில ஒண்ணும் தின்னிருக்க மாட்டான்மா,” என்று இமோஜெனிடம் சொன்னான். “எப்பவும் அப்படித்தான், ஆட்டத்தன்னைக்கு வயித்துல எதுவும் எறங்காது.”

இறக்கையின் நுனியில் அதை வைத்து, கீழே விழாதபடி தன் கையால் ஒரு தடவை மூடி அழுத்திவிட்டு, காருக்குப் போனான்.

“அங்கிள், இங்க சாப்பிடக் கூடாது,” என்று இமோஜென் காதோரம் சொன்னாள். அவளுக்குப் பாவம், ஒன்றும் புரியவில்லை. அடுத்த குடும்பம் படம் எடுக்க வந்து நின்றது. வெங்காய வாசனை வலை வழியாக உள்ளே வந்தது. லெலி அதைக் கீழே வைக்கவும் இல்லை, வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. படத்துக்கு நின்றான்.