காற்றும் தண்ணீரும் சேராத ஊர்

போடியில் பக்கீர் முகம்மதுவைச் சாக்குக்கடைக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். ஏலக்காய் வியாபாரிகளுக்குச் சாக்கு விற்கிறவர். இளமையில் கொச்சியில் ஒரு படகுக் கழகத்தில் எடுபிடியாக இருந்து பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்பது பலருக்குத் தெரியாது. கடை நிலைத்த பிறகு, அங்கே போய் ஒரு பழைய படகை வாங்கி வந்தார். இரண்டு பேர் உட்காரலாம். லாரியிலிருந்து அதை இறக்கிய அன்று, அவர் மனைவி மைதீன் பீவி அதன் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்ம கண்மாய்லயே விடுங்க. நடுத்தண்ணில இருந்து நம்ம வீட்டு மாடியப் பாக்கணும். கரையில நின்னா தென்னைதான் மறைக்குது."

அவள் கேட்டது அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து வாய்விட்டு அவள் கேட்ட ஒரே ஆசை.

ஆனால் பக்கீருக்கு ஏரி அமையவில்லை. தேவாரம் பக்கத்துக் குளத்தில் தண்ணீருக்கடியில் கருவேலங்கட்டைகள். படகின் வயிற்றைக் கிழித்துவிடும். இன்னொன்றில் கரண்டுக் கம்பி தாழ்வாகப் போனது. பாய்மரம் உரசினால் ஆள் காலி. வேறொன்றில் கரை முழுக்கக் கல் அடுக்கு. படகை இறக்கச் சரிவே இல்லை. குரங்கணிப் பக்கம் மலை மறித்துக் காற்று சுழன்றது.

ஜீப்பு ஓட்டும் தவசிக்குச் சிரிப்பு தாளவில்லை.

"அண்ணே, நீங்க ஏரியா பாக்குறீங்க? மகனுக்குப் பொண்ணுல்ல பாக்குறீங்க. ஒண்ணுக்கு மூக்கு சப்பை, ஒண்ணுக்கு நெறம் பத்தல."

வீட்டருகே இருந்த கண்மாயில் கட்டையும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரே ஒரு குறை. அது ஐப்பசியில்தான் நிறையும். அப்போது காற்று செத்துக் கிடக்கும். ஆடியில் போடிமெட்டுக் கணவாய் வழியே காற்று ஊளையிட்டு இறங்கும். அப்போது கண்மாய்க்குள் ஆடு மேயும்.

ஒரு கார்த்திகையில் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. மைதீன் பீவி மெல்லக் கேட்டாள்: "துடுப்புப் போட்டாவது கூட்டிட்டுப் போங்களேன்."

"அதுக்குப் பரிசல் போதுமே புள்ள. காத்து இல்லாமப் போனா அது பாய்ப்படகா? பொறு, உன்னயப் பறக்க வச்சுக் காட்டுறேன்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அந்தச் சிரிப்பை நம்பி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட்டார். பிறகு அதற்கும் அடுத்த வருஷத்துக்கு.

சர்க்கரை நோய் தள்ளிப்போடவில்லை. அது அவள் கண்ணில் இறங்கியது. மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். முதலில் தூரத்து மலை போனது. பிறகு எதிரே நிற்கும் புருஷனின் முகமும் போனது.

இந்த ஆடியில், போடிமெட்டுக்கு மேலே, சாக்கு வாங்கும் தோட்ட முதலாளி ஒருவர் தன் ஏரியில் படகு விடச் சம்மதித்தார். அங்கே தண்ணீரும் இருந்தது, காற்றும் இருந்தது. தவசியின் ஜீப்பில் படகை ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையைச் சுற்றி நடந்து, புல் சரிந்து தண்ணீரைத் தொடும் இடமாக, காற்று பக்கவாட்டில் வரும் இடமாகப் பக்கீர் தேர்ந்தெடுத்தார். ஒரு குறை சொல்ல முடியாத இடம். மைதீன் பீவியைக் கைப்பிடித்து உள்ளே உட்கார வைத்தார்.

பாய் விரிந்தது. படகு சாய்ந்துகொண்டு பாய்ந்தது.

"என்னங்க, கவுறுதா?"

"இல்ல. சாயும், நிமிரும். அப்படித்தான்."

பார்வை உள்ளவருக்கு அது அப்படித்தான். சாய்வது எப்போது, நிமிர்வது எப்போது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வீச்சில் அவர் கையை நகம் பதியப் பற்றிக்கொண்டாள்.

"கரைக்குப் போயிருவோம்ங்க. முடியல."

கரையில், புல்லில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். மூச்சு அடங்கியதும் கேட்டாள்:

"இங்கருந்து நம்ம ஊரு தெரியுதா?"

"தெரியல மைதீனு. மலை மறைக்குது."

"சரி, வெசனப்படாதீங்க. நீங்க ஒரு சுத்துப் போயிட்டு வாங்க. காத்து நல்லாத்தான் இருக்கு."

பக்கீர் முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்தபடி நின்றார். தலைக்கு மேல் பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அதை இறக்கக்கூட அவருக்குக் கை எழவில்லை.