படாத உதை

பிரயூனின் கண்ணைப் பற்றி உபோன் ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. வார நாட்களில் நிலப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிறு மதியங்களில் கோயில் திடலில் நடக்கும், காலாலும் உதைக்கும் குத்துச்சண்டைக்கு மதிப்பெண் போடும் மூன்று நடுவர்களில் ஒருவர். இருபத்தாறு வருடம் போட்டிருக்கிறார். யார் கையாலும் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடித்தவர் இல்லை. பந்தயம் கட்டித் தோற்றவர்கள்கூட "யூன் அண்ணன் போட்டா போட்டதுதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதையும் அடைத்துவிட்டுப் போயிற்று. ஒரு மாதத்தில் திறந்துவிடும் என்றார் மருத்துவர். பார்க்கத்தானே போகிறோம், கேட்கவா போகிறோம் என்று பிரயூன் யாரிடமும் சொல்லாமல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

முதல் சண்டை தொடங்கியது. சிவப்பு மூலையில் உள்ளூர்க்காரன், நீல மூலையில் வெளியூரிலிருந்து வந்த ஒல்லி ஆள். சண்டைக்கு வாசிக்கும் குழலும் மேளமும் அவருக்கு ஊமையாகிக் கிடந்தன. சிவப்பு காலை வீசும்போதெல்லாம் ஆயிரம் வாய்கள் ஒன்றாகத் திறந்தன. 'ஓய்' என்று கத்துகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கால் படவில்லை. ஒன்று முழங்கையில் உரசியது, ஒன்று வெறும் காற்றில் போனது. நீலம் விலாவில் உதைத்தபோது அத்தனை வாய்களும் மூடியிருந்தன. அவன் உதைத்த ஒவ்வொன்றும் பட்டது.

பிரயூன் நீலத்துக்குப் போட்டார். மற்ற இருவரும் சிவப்புக்கு. இறங்கி வரும்போது பக்கத்து நடுவர் பூன்லுவா அவர் காதில் வாயை வைத்துக் கத்தினார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா? ஊரே அந்தக் கத்து கத்துது, ஒங்களுக்கு மட்டும் கேக்கலையா?"

அன்றிலிருந்து பிரயூனுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய சண்டைகளின் பதிவுகளைச் சண்டை நடத்தும் விழாக்காரர்களிடம் கேட்டு வாங்கி, மகளிடம் கொடுத்துக் கைபேசியில் ஏற்றிக்கொண்டார். அலுவலகம் விட்டதும் சன்னலோரம் உட்கார்ந்து, தன் பழைய மதிப்பெண் தாள்களோடு ஒத்துப் பார்ப்பார். படாத உதைகளுக்கு அவர் கையாலேயே போட்ட கோடுகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. எழுதியது தன் கைதானா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு சண்டை அவரை விடவில்லை. நீல மூலையில் ரங்சான், சுரின்காரன். நான்காம் சுற்றில் சிவப்பு ஓர் உதை விட்டான். கூட்டம் எழுந்து நின்றது. அந்தச் சுற்றைப் பிரயூனும் சிவப்புக்குக் கொடுத்ததில் ரங்சான் தோற்றான். அதன்பின் அவன் சண்டையில் இறங்கவே இல்லை. இப்போது பார்த்தால் காலுக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

காது திறந்த பிறகும் பிரயூன் அந்தப் பதிவுக்குச் சத்தம் வைக்கவில்லை. ஏனோ மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலைப் பேருந்தில் சுரினுக்குப் போனார். ரங்சான் ஐஸ் கட்டிகளை ரம்பத்தால் அறுத்து விற்றுக்கொண்டிருந்தான். அடையாளம் தெரிந்ததும் ரம்பத்தை வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக் கும்பிட்டான். பிரயூன் சுற்றி வளைக்காமல், ஒனக்கு அநியாயம் பண்ணிட்டேன், அந்த உதை படவே இல்லை என்றார்.

ரங்சான் சிரித்தான். பனியனைத் தூக்கி இடது விலாவில் விரலை வைத்தான்.

"படலையா? இதோ, இந்த எடம்தாண்ணே. மழ வர்றதுக்கு முந்தின நாளே குத்த ஆரம்பிச்சிரும். இதுக்குப் பயந்துதானே விட்டேன்."

பிரயூன் பதிவைக் காட்டினார். பார்க்கப் பார்க்க ரங்சானின் முகம் வெளிறியது. தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த அவன் மனைவி, "எங்க பட்டுச்சு? பக்கத்துலகூட வரலையே" என்றாள்.

"சத்தம் வைங்க," என்றான் ரங்சான்.

பிரயூன் வைத்தார். குழல் சுழன்று சுழன்று ஏறியது. கால் எழுந்தது. 'ஓய்' என்று அந்தச் சின்னக் கருவி அதிர்ந்தபோது ரங்சானின் முழங்கை தானாக மடங்கி விலாவை மூடியது. பிரயூனும் பார்த்தார். கால் பட்டது. சதை அதுங்கியதைக்கூடப் பார்த்தார்.



"இப்ப பட்டுச்சே," என்றாள் மனைவி, மெல்ல.

திரும்பவும் போட்டுப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. அதை அழித்துவிடச் சொன்னான் ரங்சான். அவன் கண்ணெதிரே பிரயூன் அழித்தார். அப்போதும் அவன் கை விலாவை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் பிரயூன் விழாக்காரர்களிடம் போய் நடந்ததைச் சொன்னார். வயசாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று தட்டிக்கொடுத்தார்கள். அந்த வாரமே அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார்; நல்ல கண் என்று அவருக்கும் பெயர் வந்தது. ஞாயிறுகளில் காற்று திடல் பக்கமிருந்து அடித்தால் கூட்டத்தின் கத்தல் வீடுவரை வரும். யாருக்கோ பட்டுவிட்டது என்று பிரயூனின் மனம் அப்போதே கணக்குப் போட்டுவிடும். அதை அவரால் நிறுத்த முடியவில்லை.