கழுவியும் போகாத மஞ்சள்

தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நானும் இன்னொரு ஆசிரியையும் வேதியியல் பாடம் நடத்துகிறோம். அவர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். இரண்டு பிள்ளைகளின் தாய். வகுப்புகள் முடிந்த பிறகு, முனைவர் பட்டத்துக்காக ஜிப்சம் படிகம் வளர்ப்பார். நிலக்கடலைக்குப் போடுகிறோமே, அதே ஜிப்சம்தான். கரைசலிலிருந்து மெல்லிய கண்ணாடி ஊசிகளாக வளரும்.

அந்தக் கரைசலில் வேண்டுமென்றே கொஞ்சம் பாஸ்பேட் கலந்திருந்தார். அது படிகத்துக்குள் போகிறதா என்பதே அவருடைய ஆராய்ச்சி. படிகத்தைக் கழுவி, அமிலத்தில் கரைத்து, மாலிப்டேட் கரைசல் விட்டுச் சூடாக்கினால், பாஸ்பேட் இருந்தால் மஞ்சள் படியும். ஒவ்வொரு முறையும் படிந்தது.

"சரியாக் கழுவல போல, மேல ஒட்டியிருக்கும். இன்னொரு தரம் கழுவிப் பாருங்க," என்றேன். அவருடைய வழிகாட்டியும் அதையேதான் சொன்னார்.

மறுபடி கழுவினார். கழுவிய தண்ணீரையும் சோதித்தார். கடைசித் தண்ணீரில் மஞ்சளே இல்லை. படிகத்தில் மட்டும் இருந்தது.

"மேல ஒட்டியிருந்தா தண்ணியில வந்திருக்கணுமுங்க மேடம். இது உள்ளார போயி உக்காந்திருக்குது."

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குத் தோன்றாதது. பாஸ்பேட்டின் அளவை மாற்றாமல், கரைசலில் அமிலத்தை மட்டும் கூட்டிப் புதிதாகப் படிகம் வளர்த்தார். சோதனையின்போது நானும் பக்கத்தில் நின்றேன். சோதனைக் குழாயில் மஞ்சள் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் இருந்தது.

"அமிலம் கம்மியா இருந்தா, பாஸ்பேட்டு ஜிப்சத்துல இருக்கற சல்பேட் மாதிரியே ரெண்டு மின்சுமையோட அது எடத்துல போயி உக்காந்துக்குது. அமிலம் கூடுனா இன்னொரு ஹைட்ரஜனப் புடிச்சுக்குது, ஒரு மின்சுமை கொறஞ்சிருது. அப்புறம் அந்த எடத்துக்குப் பொருந்தறதில்லைங்க."

நான் கை குலுக்கப் போனேன். "ஒரு தடவை வந்தத நம்ப முடியாதுங்க மேடம்," என்று மறுபடி கரைசல் தயாரிக்கத் தொடங்கினார். மூன்று வாரம் திரும்பத் திரும்பச் செய்தார். முடிவு மாறவில்லை.

ஆய்வுக் குழுவின் முன் முடிவை வைத்தபோது குழுவில் ஒருவர், இதனால் என்ன பயன் என்று கேட்டார். "உர ஆலையில மீதியாகற ஜிப்சத்துல பாஸ்பேட் இருக்குதுங்க. படிகமான பிறகு கழுவுனா மட்டும் போதாது. படிகமாகும்போதே கரைசலக் கவனிக்கணும்," என்றார். வழிகாட்டி எழுந்து, சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தது தன் தவறான ஊகம் என்று எல்லார் முன்னிலும் சொன்னார். அதைக் கேட்டு என் தோழிக்குக் கூச்சமாகிவிட்டது.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் செய்தார்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க. சாப்பாடு செய்ய வேணாம், பரோட்டா வாங்கியாறேன்."