முடியலை சார், ஒத்திதான்

டெலானிபூர் டீக்கடையில் அவரை எல்லோரும் வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். காக்கிச் சட்டை, காதில் சொருகிய பீடி. நாடாளுமன்றக் கூட்டத்தின் கடைசி நாளன்று டிவியில் வந்தே மாதரம் கேட்டால் விறைப்பாக எழுந்து நிற்பார். அன்றும் நின்றார். நானும் பதறி எழுந்தேன். பாதி டீயை என் தொப்பை குடித்தது.

மாயாபந்தர் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் அவருடைய தீவுக்குச் சாயங்காலத்தில் படகு கிடையாது. அதைச் சபையில் கேட்கச் சொல்லி எம்.பி.யிடம் மனு கொடுத்திருந்தார். எம்.பி.யும் சபைக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தார். கடைசி நாள் வரை அது பேச்சுக்கு வரவில்லை.

"சபை முடிஞ்சுது, உங்க படகும் முழுகிடுச்சு அண்ணே" என்றேன்.

"அரே, கதம் ஆகலை சார்! சபாநாயகர் ஒத்திதான் வச்சிருக்காரு. ஜனாதிபதிதான் முடிச்சு வைக்கணும். அதுவரைக்கும் சபையை மறுபடி கூப்பிடலாம்!"

தினமும் என் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். நாலாம் நாள் துள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"முடிச்சு வச்சுட்டாங்க சார்!"

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"பழைய நோட்டீஸ் எல்லாம் காலி சார். அடுத்த கூட்டத்துக்குப் புதுசா எழுதணும். இந்தத் தடவை ரெண்டு படகு கேக்கறேன். பேனா குடுங்க, ஜல்தி!"

எல்லாம் முடிந்தது என்ற செய்திக்கு ஒரு மனிதர் இப்படிக் குதித்து நான் பார்த்ததே இல்லை.

பேனா இன்னும் திரும்பி வரவில்லை. அந்த விஷயத்தை நானும் முடித்து வைக்கவில்லை, ஒத்திதான் வைத்திருக்கிறேன்.