ரெஜினா அக்காவின் நண்டு முகவர்

ரெஜினா அக்கா மாரடைப்பால் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நெல்லியடிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பையை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரியாலையில் எங்கள் சிறு அலுவலகத்தில் நாங்கள் இருவர்தான். குருநகர் மீனவர்களுக்காக அக்கா ஒரு மென்பொருள் முகவரை எழுதினார். படகுகளில் நண்டு கரைக்கு வந்ததும் வாங்குபவர்களின் முகவர்களோடு அதுவே பேரம் பேசும். யாரோடு முதலில் பேசுவது என்பதை முன் அனுபவத்தை வைத்துத் தானே தெரிவுசெய்யும். சொல் காத்தவர் முன்னுக்கு வருவார், சொல் மாறியவர் பின்னுக்குப் போவார்.

வாங்குபவர்களில் ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனம் பருவம் முழுக்க எங்களை ஏமாற்றியது. அதன் முகவர் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும். வாங்க வந்த மற்றவர்கள் போனபிறகு கைவிரிக்கும். நண்டு கூடையிலேயே செத்துப்போகும். போதாததற்கு, "பிழை இந்த அம்மாவின்ரை புரோகிராமிலைதான்" என்று அவர்களின் மனேச்சர் மீனவர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான். சனம் அதை நம்பியது. மாதா கோயிலில்கூட அக்காவோடு ஒருவரும் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

"உவங்களை அடியோடை வெட்டி விடுங்கோ அக்கா. சூடு சுரணை இல்லையோ உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"சும்மா இரும் தம்பி. பழைய அனுபவத்தின்ரை பாரம் நாள் போகக் குறைய வேணும். எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதியிருக்கிறன். திருந்தி வந்தால் கதைக்கட்டும்" என்றார். எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வந்தது.

அடக்கத்துக்கு அதே மனேச்சர் மலர்வளையத்தோடு வந்தான். குழிக்கு மண் போட்ட கையோடு என் கையைப் பிடித்தான். "பழசை மறப்பம். இனி உங்கடை முகவர் எங்களோடையும் கதைக்கும்தானே?"

எனக்குப் பற்றி எரிந்தது. அவர்களை நிரந்தரமாகத் தள்ளிவைப்பதென்று நேரே அலுவலகம் போய் அக்காவின் கணினியைத் திறந்தேன்.

நான் மாற்ற அங்கே எதுவும் இருக்கவில்லை. எல்லோருக்கும் பழைய அனுபவத்தின் பாரம் குறையும் விதி இருந்தது, அந்த நிறுவனத்தின் பெயருக்கு மட்டும் இல்லை. பக்கத்தில், கூட்டம் நடந்த அன்றே அக்கா முகவருக்கு எழுதிவைத்த குறிப்பு: "உவங்களை மட்டும் மறந்திடாதை."

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் அழுதேன்.

இன்று காலை அவர்களின் முகவர் மூன்று முறை பேச வந்தது. எங்கள் முகவர் வாயே திறக்கவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள் அக்கா. நீங்கள் எழுதியதில் ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன்.