காத்துச் சந்தில் கட்டிய லயம்

என் அம்மா பிலோமி 1944 செப்டம்பரில் மூச்சுத் திணறி இறந்தார். வயது நாற்பத்தொன்பது. அதற்கு வழி செய்த வரைபடத்தைப் போட்டவன் நான்.

மலைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தின் புகைக் கொட்டகையில் பதினொரு வருடம் வேலை பார்த்ததால் அவருக்கு இழுப்பு நோய் வந்தது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளும் என்றார்கள். கேமரன் மலைக்கு வந்து கொழுந்து பறித்தார். இழுப்பு அடங்கியது.

எங்கள் தோட்டத்தில் சரிவின் குறுக்கே இரண்டு லயங்கள், ஒட்டிக் கட்டிய கூலி வீட்டு வரிசைகள். நடுவில் நூற்றிருபதடி வெற்றிடம். இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று அதன் வழியாக ஓடைக்குப் போகும். அம்மா அதைக் ‘காத்துச் சந்து’ என்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அங்கே நின்று நெஞ்சு நிறைய மூச்சு வாங்குவார்.

நான் ஈப்போவில் வரைபடக்காரனாக இருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் அலுவலகம் மூடப்பட்டது, தோட்டத்துக்குத் திரும்பினேன். 1943 கடைசியில், மரவள்ளி நட டவுனிலிருந்து பதினொரு குடும்பங்கள் வருவதாகத் தகவல். எங்கே வீடு கட்டலாம் என்று தோட்டக் கணக்கர் டொனால்ட் கிராணி கேட்டார். சமதளம், பக்கத்தில் தண்ணீர்க் குழாய். நான் காத்துச் சந்தைக் காட்டினேன்.

“டேய், அது காத்து வர்ற வழிடா,” என்றார் அம்மா.

“காத்து கூரைக்கு மேல போவும்மா.”

“நீ கூரைக்கு மேலயா மூச்சு வுடுற? படிச்ச கழுதை!”

கிராணி சிரித்தார். “காத்துக்கும் ஒரு ரூம் ஒதுக்கணுமாக்கா?”

“ஒதுக்குங்க கிராணி. அது ரேஷன் கேக்காது லா.”

லயம் எழுந்தது. பிறகு பெட்ரோல் தீர்ந்தது. லோரிகள் கரியில் ஓடின. கரி சுட, லயங்களுக்கு மேலே காட்டோரத்தில் குழிகள் வெட்டினார்கள். இரவெல்லாம் குளிர்காற்று அந்தப் புகையைக் கீழே இறக்கியது. புது லயம் அணைபோலத் தடுத்தது. புதிதாகப் பதினொரு அடுப்புகள், ஈர விறகு. காலை பத்து மணிவரை எட்டடியில் இருந்த குழாய் தெரியாது. குளிர்காற்று தாழ ஓடும், தடுத்தால் தேங்கும்; இது அதன் சாதாரண விதி. நான் யோசிக்கவில்லை.

பிப்ரவரியில் இழுப்பு திரும்பியது. மருந்து இல்லை. வேறு தோட்டத்துக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. நடுவில் நாலு அறைகளையாவது இடிக்கலாம் என்றேன்.

“இருவது பேரு எங்கடா படுப்பாங்க? நீயே சொல்லு,” என்றார் கிராணி.

அம்மாவும் மறுத்தார். “மணியம்மா புள்ளத்தாச்சி. அவ வீட்டையா இடிப்ப?”

மணியம்மா நடு அறையில் இருந்தவள். விடியற்காலையில் தன் முன்கதவையும் பின்கதவையும் திறந்து, அம்மாவை இடையில் உட்காரவைப்பாள். காற்று நகரும். புகையும் சேர்ந்தே வந்தது, ஆனாலும் நகர்ந்தது. ஏழு மாதம் அம்மா உயிர் வாழ்ந்தது அந்த இரண்டு கதவுகளுக்கு நடுவில்.

செப்டம்பரில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. மறுநாள் காலையும் மணியம்மா கதவைத் திறக்கப் போனாள். அம்மா கையைப் பிடித்தார்.

“பச்சப்புள்ளைக்குக் குளிரு ஆவாது. சாத்துடி.”

“ஒங்களுக்குக்கா?”

“சாத்துடின்னா.”

நாலாம் நாள் காலை, பத்து மணிக்கு முன்பே, அம்மாவின் மூச்சு நின்றது. புகை இன்னும் விலகியிருக்கவில்லை.

அக்டோபரில் மேலும் குடும்பங்கள் வந்தன. கிராணி இன்னொரு லயத்துக்கு வரைபடம் கேட்டார். நடுவில் முப்பதடி விட்டுப் போட்டேன். அவர் பென்சிலால் அதில் மூன்று அறைகளை வரைந்தார்.

“ஆளு கூட வருது லா,” என்றார்.

அழிரப்பர் என் கையருகேதான் இருந்தது. நான் எடுக்கவில்லை.