சாரல் நாளில் தண்ணீர் கேட்டவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. ஆடித் தேருக்கு அங்கே அறை கேட்டால் சிரிக்கிறார்கள். "இப்ப வந்து கேட்டா எப்படிம்மா?" என்றார் ஒரு லாட்ஜ்காரர், பந்தி முடிந்து இலை எடுத்தபின் வந்து உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோல. கடைசியில் பக்கத்து ராஜபாளையத்தில், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு மாடி அறை கிடைத்தது. நூல் மில்லில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் தெரு. அங்கே தங்கிக்கொண்டு பஸ்ஸில் போய்வருவதாக ஏற்பாடு.

நான் திருச்சிக்காரி. ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கணவர் போனபிறகுதான் தனியாக ஊர் சுற்ற ஆரம்பித்தேன். ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அவளும் தனியாகத்தான் இருக்கிறாள். என் பயணங்கள் அவளுக்கு அறவே பிடிக்காது. இந்த முறை கிளம்பும்போது கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏதாவது ஒண்ணு நடந்துச்சு, இதுதாம்மா கடைசி. அப்புறம் பேசாம எங்கூட வந்து இரு."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பெற்ற பிள்ளையிடம் அனுமதி வாங்கி ஊருக்குப் போகிற காலம் வந்துவிட்டதே என்று வயிறு எரியத்தான் செய்தது.

போய் இறங்கியதும் தெருவைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். பட்டப்பகலில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. ஜன்னல்களில் பழைய சேலையை மடித்துக் கட்டி வெளிச்சத்தை மறைத்திருக்கிறார்கள். கதவுத் தாழ்ப்பாள்களில் துணி சுற்றியிருக்கிறது, இடித்தால் சத்தம் வரக் கூடாதாம். காய்கறி வண்டிக்காரர் கூவாமல் வந்து, கூவாமல் போகிறார். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், அவளும் மில்லில் இரவு ஷிப்ட். கண்ணைக் கசக்கிக்கொண்டே சாவியைக் கொடுத்தாள்.

"எக்கா, ராத்திரி எம்புட்டு நேரங்கழிச்சு வேணும்னாலும் வாங்க, ஒரு பயமும் கிடையாது. பகல்ல மட்டும் சத்தங்காட்டிராதீய. பூராப் பேரும் நைட்டு ஷிப்டு. தெருவே தூங்கும்."

அவள் சொன்னது நிஜம்தான். முதல் நாள் கோயிலில் நேரமாகிவிட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடவுளே கடவுளே என்று தெருமுனைக்கு வந்தால், அங்கே ஒரு கடைவீதியே நடந்துகொண்டிருந்தது. மில் வேனுக்காகப் பெண்கள் கூட்டமாக நின்று கதை பேசுகிறார்கள். டீக்கடையில் வடை வேகிறது. "தேரு அலங்காரம் முடிஞ்சிட்டாக்கா?" என்று முன்பின் தெரியாத ஒருத்தி கேட்கிறாள். இருட்டைப் பார்த்துப் பயந்தே வளர்ந்தவளுக்கு இது எப்படி இருக்கும்! அன்று நிம்மதியாகத் தூங்கினேன். பகலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தேருக்கு முதல் நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வடம் கட்டுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மலைப்பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு, தேய்த்த சட்டை, பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "தேருக்கா? கூட யாரும் வரலையா?" வரவில்லை என்றேன். "எங்க தங்கியிருக்கீங்க?" அதையும் சொன்னேன்! எந்த ஊர் என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது திமிர் என்றுதான் என்னை வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பு கட்டுச்சோறு மாதிரி எங்கே போனாலும் கூடவே வருகிறது.

ராஜபாளையத்தில் நான் இறங்கினேன். அவரும் இறங்கினார். சரி, அவருக்கும் இந்த ஊராக இருக்கும் என்று நினைத்தேன். நான் திரும்பிய தெருவில் அவரும் திரும்பினார். மருந்துக் கடை வாசலில் நின்று பார்த்தேன், அவரும் நின்றார். அப்போதுதான் சந்தேகம் வந்து நடையை எட்டிப் போட்டேன். எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். இரண்டு பக்கமும் வீடுகள், வீடு நிறைய மனிதர்கள், அத்தனை பேரும் தூக்கத்தில். என் செருப்புச் சத்தமும் அவர் செருப்புச் சத்தமும் தவிர வேறு சத்தமில்லை. ஒரு கதவைத் தட்டலாமா என்று தோன்றியது. பாவம், விடிய விடிய நின்று வேலை பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறார்கள், நான் வீணாகப் பயந்து எழுப்பிவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று நடந்துகொண்டே இருந்தேன்.

மாடிப்படியின் கீழே ஒரு கம்பிக் கதவு உண்டு. அதன் பூட்டைத் திறந்து கையில் எடுத்தபோது பின்னால் குரல் வந்தது.

"ஒரு வாய் தண்ணி கிடைக்குமாம்மா?"

தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நம் யாருக்குமே வராது. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"பாட்டில் தண்ணி நமக்கு ஒத்துக்காதும்மா. மேல வந்தே குடிச்சுக்கிறேனே. சாரல்ல நிக்க வச்சுப் பேசுறீங்களே" என்று சிரித்தபடி, கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

மகள் வாங்கிக் கொடுத்த விசில் பையில்தான் இருந்தது, பால்கோவா டப்பாவுக்கும் அடியில். கத்த நினைத்தேன், காற்றுதான் வந்தது. கையில் பூட்டு இருந்தது. அதை ஓங்கி அந்தக் கம்பிக் கதவில் அடித்தேன். மறுபடி அடித்தேன். மூன்றாவது அடியில் எனக்குக் குரலும் வந்துவிட்டது. "யாராச்சும் வாங்களேன்!"

எதிர்வீட்டுக் கதவு முதலில் திறந்தது. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர், "எவன்லே அது, தூங்குத நேரத்துல?" என்று பாய்ந்து வந்தார். பின்னாலேயே ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நைட்டிமேல் துண்டு போட்ட பெண்கள், கலைந்த தலை, சிவந்த கண், அத்தனை பேர் முகத்திலும் எரிச்சல்.

தண்ணீர் கேட்டவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஒண்ணுமில்லைங்க. தாகம்னு தண்ணி கேட்டேன். அந்தம்மா என்னவோ பதறிட்டாங்க. காலம் அப்படிக் கெட்டுக் கிடக்கு, அவங்களைச் சொல்லி என்ன" என்றார்.

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அவர் படியேறியபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. என்னைத் தொட்டாரா? இல்லை. தப்பாக ஒரு வார்த்தை? அதுவும் இல்லை. தண்ணீர் கேட்டவரைக் கொலைகாரனாக்கிவிட்டாள் ஒரு வெளியூர்க்காரி என்று இவர்கள் நினைத்துவிட்டால், நான் எந்த முகத்தோடு இங்கே இருப்பேன்? மகள் சொன்னது சரிதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றே நினைத்துவிட்டேன்.

வீட்டுக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், இன்னும் என் மாடிப்படியிலேயே இருந்த அவர் காலைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தண்ணிதான அண்ணாச்சி? கீழ எறங்கி வந்து குடிங்க."

அவர் இறங்கினார், குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"இந்தச் சாரல்லயும் இம்புட்டு தாகமா? பாவமே!" என்றாள் அவள். "ஏட்டி, உங்க வீட்டுத் தண்ணியும் கொண்டா. அண்ணாச்சிக்கு ஒரு செம்பு எந்த மூலைக்கு?"

எதிர்வீட்டுக்காரி ஒரு செம்பு கொண்டுவந்தாள். அதையும் குடித்தார். அடுத்த வீட்டுப் பெண் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜக்கோடு வந்து நின்றாள். "போதும்மா" என்றார்.

"அதெப்படிப் போதும்? பொம்பள தனியா இருக்க வீட்டுல படியேறுத அளவுக்குத் தாகம்லா உங்களுக்கு? குடிங்க, சும்மா குடிங்க" என்றாள் வீட்டுக்காரி.

லுங்கிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வழியை மறித்து நின்றார். யாரும் தண்ணீர் கேட்டவரைத் தொடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. சுற்றி நின்று தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெண் போனை எடுத்து, "அண்ணாச்சி, இப்பிடித் திரும்புங்க, தண்ணி குடிக்குத போட்டோ ஒண்ணு" என்றாள். மூச்சுமுட்டி, சட்டையெல்லாம் நனைந்து, திருநீறு வழிந்து, கடைசியில் அவர் கும்பிட்டேவிட்டார். லுங்கிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். ஆள் ஓடாத குறைதான். தெருமுனை திரும்பும்வரை இவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தேன், அப்படியே அழுதுவிட்டேன். அப்பாடா என்று இருந்தது.

"பஸ்ஸ விட்டு இறங்கினதுலேர்ந்தே பின்னாடி வந்தாரு, கதவைத் தட்ட மனசு வரல. கடைசியில எல்லார் தூக்கத்தையும் கெடுத்துட்டேன்" என்றேன்.

வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரு நெடுக அவனக் கூட்டிக்கிட்டா வந்தீய? ஒரு கதவ, ஏதாவது ஒரு கதவ, தட்டிருக்கக் கூடாது? தூக்கமாம்ல தூக்கம்! எந்திரிங்க, காப்பி போடுதேன்."

காப்பி குடித்தபிறகு மகளுக்குப் போன் செய்தேன். மறைத்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்ததும் உண்மைதான். சொன்னால் இந்தப் பயணமே கடைசி, மகள் வீட்டு சோபாதான் கதி. ஆனாலும் அந்த நேரம் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் பேச ஆரம்பித்ததிலிருந்து கடைசி ஜக் வரை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"இருக்கியாடி?"

"இருக்கேம்மா" என்றாள். குரல் மாறியிருந்தது. "எனக்கும் இங்க ஒரு தடவை இப்படி ஆச்சு. ஆபீஸ்லேர்ந்து பின்னாடியே வந்தான். ஒரு மளிகைக் கடைக்குள்ள போய் நின்னுட்டேன். கடைக்காரரும் அவர் சம்சாரமும் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க."

"இதை ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வான்னு சொல்லுவே."

சொல்லியிருப்பேன். அன்றைக்கே ரயில் ஏறிப் போய் அழைத்து வந்திருப்பேன். போனைக் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன். அவளும் வைக்கவில்லை.

"தேர் நாளைக்குத்தானே?" என்றாள். "இருந்து பார்த்துட்டு வா."